பின்னங்கால் நொண்டும் பூனை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பூனையின் முட்டி எங்கே என்று கேட்டால், பின்னங்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டைத்தான் பலரும் காட்டுவார்கள். அது கணுக்கால். முட்டி அதற்கு மேலே, வயிற்றோரம் ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது. இடுப்பு மூட்டு இன்னும் மேலே, வால் தொடங்கும் இடத்துக்குப் பக்கவாட்டில். இது தெரியாமல் "முட்டி வீங்கியிருக்கு டாக்டர்" என்று போனில் சொன்னால் அந்தப் பக்கம் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. கிளினிக் மேசையில் பூனை நடக்காது, பதுங்கி உட்கார்ந்துவிடும். அதனால் வீட்டிலேயே மூன்று வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: தூங்கி எழுந்ததும் நடப்பதைப் பின்னாலிருந்து, அதே நடையைப் பக்கவாட்டில், படி ஏறி இறங்குவதை. ஒவ்வொன்றும் 20 விநாடி போதும். தூங்கி எழுந்த முதல் பத்து அடியில் தெரிவது அரை மணி கழித்துத் தெரியாது. மூட்டு சூடாகிவிட்டால் நடை பாதி சரியாகிவிடும்.

திடீரென்று பின்னங்கால்கள் விழுந்துவிட்டன, வலியில் கத்துகிறது

மூட்டை மறந்துவிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்னங்கால் பாதம் சூடாகவும் பின்னங்கால் பாதம் சில்லென்றும் இருந்தால், பாதத்தின் அடிச்சதை வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால், இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். தேய்த்துவிடுவதும் ஒத்தடமும் கூடாது. உடனே கிளம்ப வேண்டியதுதான். ஏற்காடு மலையில் இருப்பவர்கள் "விடியட்டும், சேலத்துக்கு இறங்கலாம்" என்று காத்திருக்கக் கூடாத சமயம் இது.

பாதம் சூடாக இருக்கிறது, ஆனால் மாடியிலிருந்தோ மதிலிலிருந்தோ விழுந்திருக்கிறது என்றால் முதுகெலும்போ இடுப்பெலும்போ முறிந்திருக்கலாம். தூக்காதீர்கள். ஒரு பலகையையோ பெரிய தாம்பாளத்தையோ பக்கத்தில் வைத்து, விரித்த துண்டோடு சேர்த்து அதன்மேல் இழுத்து, தட்டையாகவே கொண்டுபோங்கள்.

மண் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, ஒன்றும் வரவில்லை

கடுவன் பூனையாக இருந்தால் முதல் சந்தேகம் மூத்திரக்குழாய் அடைப்பு. கால் வலியால்தான் குந்த முடியவில்லை என்று நினைத்து ஒரு நாளை வீணடிப்பவர்கள் உண்டு. மூத்திரம் முழுதாக நின்றுவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நிற்கும். மணல் நனைந்திருக்கிறதா என்று கையால் கிளறிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வலிக்கு வீட்டில் இருந்த மாத்திரை கொடுத்தாயிற்று

பாராசிட்டமாலில் பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மனிதக் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை 4 கிலோ பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அசிடைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. வலி ஸ்ப்ரே, யூகலிப்டஸ் தைலம், கற்பூரத் தைலம் பூசுவதும் ஆபத்துதான். பூசிய அடுத்த நிமிடம் நக்கிவிடும்.

இரண்டு மூன்று அடி நொண்டுகிறது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நடக்கிறது

முழங்கால் சிப்பி விலகுவதன் அடையாளம் இது. தொடையெலும்பின் முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது, சிப்பி அதில் மேலும் கீழும் வழுக்கிப் போக வேண்டும். பள்ளம் ஆழமில்லாவிட்டால் சிப்பி பெரும்பாலும் உள்பக்கமாக நழுவிவிடும். நழுவியதும் கால் நீளாது, பூனை காலைத் தூக்கிக்கொண்டு தத்தும். காலை ஒரு உதறு உதறினால் சிப்பி தானாகப் பள்ளத்துக்குத் திரும்பும், நடையும் திரும்பும்.

டாக்டர்கள் இதை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1, 2 என்றால் எடைக் குறைப்பு, வழுக்காத தரை, தொடைத்தசைக்குப் பயிற்சி ஆகியவற்றிலேயே பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். 3, 4 என்றால் சிப்பி எப்போதும் வெளியேதான். பள்ளத்தை ஆழப்படுத்தும் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். சிப்பியை நீங்களே அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள். இதுவரை லேசாக நொண்டிய பூனை திடீரென்று காலை ஊன்றவே மறுத்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், முட்டியின் உள் தசைநார் அறுந்திருக்கலாம்.

வெளியே சுற்றும் பூனை திடீரென்று நொண்டி, தொட்டால் சூடாக, ஓரிடத்தில் மெத்தென்று வீங்கியிருந்தால் பெரும்பாலும் சண்டையில் பட்ட கடி சீழ் கோர்த்திருக்கும். மூட்டு நோயைவிட இது அதிகம் வருவது.

முயல் மாதிரி இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் தாவுகிறது, உயரத்தில் ஏறுவதில்லை

இடுப்பைப் பாருங்கள். தொடையெலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடினால், ஆட ஆட விளிம்பு தேய்ந்து மூட்டுவாதம் வரும். பெர்சியன், ஹிமாலயன், மெயின் கூன் இனங்களில் அதிகம் காண்பது. நாட்டுப் பூனைக்கும் வரும். இடுப்புத் தளர்ச்சியும் சிப்பி விலகலும் ஒரே பூனையில் சேர்ந்திருப்பது அபூர்வமில்லை, அதனால் எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காலை நீட்டிப் பிடித்து எடுக்கும் படம் என்பதால் மயக்க ஊசி தேவைப்படும். மயக்காமல் இழுத்துப் பிடித்து எடுத்த கோணல் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சேலத்தில் இருப்பவர்களுக்கு நாமக்கல்லிலும் ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எலும்பு ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சின்ன வயதில் கருத்தடை செய்த, எடை கூடிய, 2 வயதுக்கு உட்பட்ட கடுவன் விழாமல் அடிபடாமல் நொண்ட ஆரம்பித்தால், பந்து தொடையெலும்போடு சேரும் வளர்ச்சித் தட்டில் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியில்) நழுவியிருக்கிறதா என்று கேளுங்கள். "பிறவியிலேயே இடுப்பு சரியில்லை" என்று தள்ளிவிடப்படுவதில் இதுவும் ஒன்று.

குதிகாலைத் தரையில் பதித்து, உட்கார்ந்த மாதிரியே நடக்கிறது

பூனை விரலில் நடக்கும் பிராணி. கணுக்கால் வரை தரையில் படிய நடந்தால், கூடவே தண்ணீர் அதிகம் குடித்தால், சர்க்கரை நோயில் நரம்பு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடிக்கிறதா என்று அளந்து வைத்துப் பாருங்கள். மூட்டு மருந்து தொடங்கும் முன் ரத்தச் சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

குட்டி நொண்டுகிறது, தொட்டாலே அழுகிறது

என்ன சாப்பிடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறி மட்டுமோ, பால்சோறு மட்டுமோ என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும், எலும்பு காகிதமாகும், ஸ்டூலிலிருந்து குதித்தாலே முறியும். குட்டிகளுக்கான முழுச்சத்து உணவு என்று பாக்கெட்டில் எழுதியதற்கு மாற்றி, சில வாரம் குதிக்க விடாமல் கூண்டில் வைத்தால் பல குட்டிகள் தேறிவிடும்.

தினமும் கோழி ஈரல் போடுவதும் தவறு. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது, பூனையும் வேறு எதையும் தொடாமல் அதற்கே ஏங்கும். வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பிலும் மூட்டிலும் முள் முளைத்து இறுகிவிடும். வாரம் ஒரு நாள், கட்டைவிரல் அளவு போதும். மீன் எண்ணெய் கொடுப்பவர்கள் சாதாரண மீன் எண்ணெய்க்கும் மீன் ஈரல் எண்ணெய்க்கும் வித்தியாசம் பார்த்து வாங்குங்கள்.

டைல்ஸில் கால் விரிந்து வழுக்குகிறது

மருந்தைவிட முதலில் சரிசெய்ய வேண்டியது தரை. பளபளக்கும் டைல்ஸ் போட்ட வீட்டில் இடுப்புத் தளர்ந்த பூனை ஒவ்வொரு அடியிலும் கால் விரியாமல் இருக்கத் தொடையை இறுக்கிக்கொண்டே நடக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்தத் தசை களைத்துவிடும்.

வீடு முழுக்க மூட வேண்டியதில்லை. படுக்கும் இடம், சாப்பாடு, தண்ணீர், மண் தொட்டி இவற்றை இணைக்கும் பாதையை மட்டும் 45 செ.மீ. அகலத்துக்கு மூடினால் போதும். யோகா மேட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒரு மேட்டில் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் பாதை கிடைக்கும், அகலம் 30 செ.மீ. ஆனாலும் பழகிய பூனைக்குப் போதும். கோரைப்பாய் வேண்டாம், பாயே டைல்ஸ்மேல் சறுக்கும். கோடையில் சேலத்து வெக்கைக்குப் பூனை வெறும் தரையில்தான் படுக்கும், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் படுக்கும் இடத்தை ஒட்டி ஒரு மேட் துண்டு இருந்தால் எழும்போது அதில் காலை ஊன்றிக்கொள்ளும். எழும் அந்த நொடியில்தான் கால் அதிகம் விரிகிறது.

பெர்சியனாக இருந்தால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே ரோமம் வளர்ந்து அடிச்சதையை மூடியிருந்தால் அது சாக்ஸ் போட்டு டைல்ஸில் நடக்கிறது. முனை மழுங்கிய கத்தரியால் சதை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். நகத்தையும் 2 வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மூட்டு வலியுள்ள பூனை பிறாண்டி நகம் தேய்ப்பதை நிறுத்திவிடும், நகம் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கும். பிறகு அதற்கும் சேர்த்து நொண்டும்.

தரை துடைக்க பினாயில் வேண்டாம். அதில் உள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

தொட்டிக்கு வெளியே போகிறது

சேட்டை என்று அடிப்பதற்கு முன் தொட்டியின் வாசலை அளந்து பாருங்கள். கடைத் தொட்டிகளின் விளிம்பு பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. இருக்கும். இடுப்பு வலிக்கும் பூனைக்கு அது மதில். நான்கு தடவை வலித்தால் ஐந்தாவது தடவை பக்கத்திலேயே போய்விடும்.

சுமார் 60க்கு 40 செ.மீ. அளவில், 20 செ.மீ.க்குக் குறையாத உயரமுள்ள பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்குங்கள். ஒரு பக்கத்தில் 20 செ.மீ. அகலத்துக்கு, தரையிலிருந்து 5 செ.மீ. மட்டும் விட்டு வெட்டி எடுங்கள். கத்தியை அடுப்பில் காட்டி வெட்டினால் டப் விரியாது, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். வெட்டிய விளிம்பு கூராக இருக்கும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து விளிம்பின்மேல் மாட்டிவிட்டால் வயிற்றில் கீறாது. மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருக்கட்டும். குந்த முடியாத பூனை நின்றபடியே பெய்யும், சுவர் தாழ்ந்திருந்தால் வெளியேதான் விழும்.

மணல் 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கால் புதைந்து இடுப்பு முறுக்கும். எம்-சாண்ட் கூராக இருக்கும், பாதத்தைக் குத்தும். கட்டியாகும் மெல்லிய பென்டோனைட் மண் நல்லது. சலித்த மரத்தூளும் மெத்தென்று இருக்கும், ஆனால் தூசி பறந்தால் தும்மும். மாடி வீடென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று கட்டாயம்.

ஒரு நாளாக வெளிக்குப் போகவில்லை

முக்குவதற்கு முதுகை வளைத்துக் குந்த வேண்டும். அது வலிப்பதால் அடக்கும், அடக்க அடக்க மலம் காய்ந்து கல்லாகும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய், உப்பு காரம் இல்லாமல், ஒரு டீஸ்பூன் ஈர உணவில் கலந்து கொடுக்கலாம். இசப்கோல் என்றால் கால் டீஸ்பூன், தண்ணீர் நிறைய விட்டு ஊறவைத்த பிறகு. ஊறவைக்காமல் கொடுத்தால் உள்ளேயே அடைக்கும். 48 மணி நேரம் தாண்டினாலோ வாந்தி வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்கு ஏற்றினால் உயிரே போகும்.

கட்டிலில் ஏறப் பார்த்து, யோசித்து, திரும்பிவிடுகிறது

45 செ.மீ. உயரக் கட்டிலுக்கு 120 செ.மீ. நீளப் பலகை வைத்தால் சரிவு ஏறக்குறைய 22 டிகிரி வரும். அதைவிடச் செங்குத்தானால் ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போது முழு எடையும் முன்னங்காலுக்குப் போய் பூனை பாதியில் குதித்துவிடும். 12 மி.மீ. பிளைவுட், 30 செ.மீ. அகலம். மேலே சணல் சாக்கை இரட்டையாக மடித்து இழுத்து, அடிப்பக்கம் ஆணி அடியுங்கள். இப்போது அரிசி வரும் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். சேலம் லீ பஜார் பக்கம் கேட்டால் சணல் சாக்கு கிடைக்கும். நெசவு நெருக்கமானதாக எடுங்கள், இல்லையென்றால் நகம் மாட்டும். மாம்பழ கிரேட்டைக் கவிழ்த்துப் படியாக வைக்கும் யோசனை பலருக்கும் தோன்றும். அதன் உயரம் இந்தப் பூனைக்கு ஒரே தாவலில் அதிகம். படி என்றால் ஒவ்வொன்றும் 10 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம்.

எடை கூடிக்கொண்டே போகிறது

நடமாட்டம் குறைந்தால் எடை ஏறும், எடை ஏறினால் நடமாட்டம் இன்னும் குறையும். விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையின் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட வேண்டும். குளியலறை எடைமெஷின் 50 கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. "அண்ணா, இந்தக் கூடையை ஒரு நிறை போட்டுச் சொல்லுங்க" என்று மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துவிட்டு, காலிக் கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அங்கே கிராம் கணக்கில் தெரியும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு 60 கிராம். 4.5 கிலோவுக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. பட்டினி போட்டால் குண்டுப் பூனைக்கு இரண்டு மூன்று நாளில் கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும். 4.5 கிலோ இலக்குக்கு நாளைக்கு 170 முதல் 180 கலோரி. உலர் உணவு 100 கிராமுக்கு 380 கலோரி என்று பாக்கெட்டில் இருந்தால் அது 45 கிராம்தான். டம்ளர் கணக்கு வேண்டாம், நிறுத்துப் போடுங்கள்.

குளிர் நாளில் எழவே மாட்டேன் என்கிறது

ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகளில் இது சாதாரணம். கதகதப்பு நல்லது, சுடக் கூடாது. கல் உப்பை வாணலியில் வறுத்துக் கட்டும் ஒத்தடம் மனிதர்களுக்குச் சரி, பூனையின் தோலுக்கு அதிகம். தவிட்டையோ அரிசியையோ துணியில் கட்டி லேசாகச் சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் 10 விநாடி வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் தொடைமேல் 10 நிமிடம். புதிதாக அடிபட்ட, வீங்கிய காலுக்குச் சூடு ஆகாது. முதல் 2 நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 5 நிமிடம்.

ஒத்தடம் முடிந்த சூட்டோடு பயிற்சி. பூனையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் முட்டிக்கு மேலேயும் மறு கையால் கீழேயும் பிடித்து, சைக்கிள் மிதிக்கும் போக்கில் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். 10 தடவை, நாளைக்கு 2 வேளை. காதைப் பின்னால் மடித்தாலோ வால் நுனி அடித்தாலோ அந்த இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். காலைப் பக்கவாட்டில் திருகக் கூடாது, சிப்பி நழுவும். தேறிய பிறகு தென்னந்துடைப்பக் குச்சிக் கட்டுகள் மூன்றை 30 செ.மீ. இடைவெளியில் தரையில் போட்டு, சாப்பாட்டைக் காட்டித் தாண்ட வையுங்கள். காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு அடியும் தொடைக்கு வேலை.

மருந்து எழுதியிருக்கிறார்கள், அளவு குழப்பம்

மெலாக்சிகாம் என்ற வலி மருந்தின் சிரப்பில்தான் தவறு நடக்கும். நாய்க்கான சிரப் ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம், பூனைக்கானது 0.5. பாட்டில் மாறினால் அதே மில்லி மூன்று மடங்கு மருந்து. எந்தச் செறிவு, எத்தனை மில்லி என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் அளந்து எடுங்கள், சாப்பிட்ட பிறகே கொடுங்கள். சாப்பிடாத நாளிலும் வாந்தி வந்த நாளிலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். நீண்ட நாள் கொடுப்பதென்றால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை இடையிடையே வேண்டும். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் சத்து மருந்து பூனைக்கு எவ்வளவு உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அந்தப் பணத்தில் தரைக்கு மேட் வாங்கலாம்.

ஆபரேஷன் ஆன பிறகு ஊன்ற மறுக்கிறது

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. சிப்பி ஆபரேஷனுக்கு 6 முதல் 8 வாரம் கூண்டு ஓய்வு. தொடையெலும்பின் பந்தை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்குக் கிட்டத்தட்ட நேர்மாறு. அங்கே மூட்டு இல்லை, தசைதான் காலைத் தாங்கப் போகிறது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து மெதுவாக நடக்க வைக்காவிட்டால் இறுகிவிடும். குதிக்க மட்டும் விடக் கூடாது. 2 வாரம் ஆகியும் விரல் நுனிகூடத் தரையில் படவில்லை என்றால் வலி மருந்து போதவில்லையா என்று கேளுங்கள்.

மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோக வேண்டும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கூடைக்குள் பூனை பக்கவாட்டில் சரியும், சரியாமல் இருக்க வலிக்கிற காலைத்தான் ஊன்றும். இரண்டு பெட்ஷீட்டை உருட்டி கூடையின் இருபக்கமும் அணையாக வைத்து, நடுவில் பூனை பொருந்தி உட்காரும் இடம் மட்டும் விடுங்கள். அடியில் மேட் துண்டு. கூடை சீட்டில் வேண்டாம், முன் சீட்டுக்குப் பின்னால் காரின் தரையில் வையுங்கள். மேல்மூடி திறக்கும் கூடையாக இருந்தால் நல்லது. முன்வாசல் வழியாக இழுத்தெடுக்கும்போது பின்னங்கால் விளிம்பில் இடறும். எடுக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை புட்டத்துக்குக் கீழே. பிடரியைப் பிடித்துத் தொங்கவிட்டால் இடுப்பு முழு எடையோடு இழுபடும்.

கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். மயக்க ஊசி என்றால் டாக்டர் சொல்லும் நேரக் கணக்கு தனி. வீடு திரும்பியதும் கூடையை மண் தொட்டிக்கு நான்கடி தூரத்தில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். தானாக வரட்டும்.